வாசகர் கேள்வி: ஔவைப் பாட்டிக்கு இளமை இருந்ததா?

(போன இதழில், மேடையிலும் திரையிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து, இந்த இதழ் முழுவதையும் அவருக்கே வைத்துவிட்டேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில்.)

பேத்தியோடு உட்கார்ந்து 'திருவிளையாடல்' பார்த்தேன். "இந்தப் பாட்டி சின்ன வயசுல எப்படி இருந்தாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் இளமையில் நடித்த படம் உண்டா?
— வாசகி, கரூர்

உங்கள் பேத்தி கேட்டதை நானும் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "வள்ளியா நின்னா அந்தம்மாவைப் பார்க்கத்தான் ஊரே ராத்திரி முழுக்க முழிச்சிருக்கும்" என்றார். ஔவையாரைத்தான் நான் பார்த்திருந்தேன். வள்ளி என்றதும் என்னால் நம்ப முடியவில்லை.

இளம்பெண்ணாக, ஒரு காதல் காட்சியில் அவரைத் திரையில் பார்க்க வழியில்லை. முதல் படம் 1935இல் வந்த 'பக்த நந்தனார்'. அப்போது அவருக்கு வயது 27தான். ஆனால் அதில் அவர் ஏற்றது நந்தனார் வேடம், ஆண் வேடம். அடுத்தது 1940இல் 'மணிமேகலை'. அதுவும் துறவு பூண்டவள் கதை. அவருடைய இளமை முழுக்க மேடையிலேயே கழிந்தது. காமிராவுக்கு அது கிடைக்கவே இல்லை.

பிறந்தது 1908இல், காவிரிக்கரைக் கொடுமுடியில். அம்மா பெயர் பாலாம்பாள். கே.பி. என்ற முன்னெழுத்துகள் கொடுமுடியும் பாலாம்பாளும்தான். ஊரையும் தாயையும் கடைசிவரை பெயருக்கு முன்னால் சுமந்தவர். வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். திருச்சியில் ரயில்வே அதிகாரியாகவும் நாடகக்காரராகவும் இருந்த எஃப்.ஜி. நடேச ஐயரின் பெயரை இதில் பெரும்பாலும் சொல்வார்கள். பிறகு வேலு நாயர் கம்பெனி.

'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக வந்து "பசிக்குதே, வயிறு பசிக்குதே" என்று பாடியதுதான் அவருக்கு முதல் கைத்தட்டல் என்பார்கள். அந்தப் பாட்டின் உணர்ச்சியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. நான் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பேத்தியிடம் இப்படிச் சொல்லுங்கள்: அந்தப் பாட்டி ரயிலில் பாடின குட்டிப் பெண். அப்புறம் தினைப்புனத்தில் கவண் சுற்றிய வள்ளி. அதற்கும் அப்புறம்தான் ஔவை.

மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி எப்படிப் பாடினார்கள்? கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது.
— வாசகர், ஈரோடு

மிகை இல்லை ஐயா. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பிற்காலத்தில் பாடிய விதம் முழுக்க இங்கிருந்து வந்ததுதான்.

முதலில் ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன? ஒரே கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஒத்திகை பார்த்துப் போடுகிற நாடகம் அது இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஓர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர். தனித்தனியாக முன்பணம் வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலம் வந்து இறங்குவார்கள். மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே. ஆனாலும் நாடகம் நடக்கும். எல்லாருக்கும் பாடம் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பாடத்துக்கு வெளியே தர்க்கம் கிளம்பினால், எதிராளி எந்தப் பாட்டை எடுத்து விடுவார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிமிஷமே பதில் பாட்டு வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை இதேதான்.

இனி சுருதிக்கு வருகிறேன். ஆர்மோனியத்தில் ஒன்று, இரண்டு என்று கட்டை எண்ணுகிறோம் இல்லையா? ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து கட்டைப் பக்கம். நாடகத்தில் இருவரும் மாறி மாறிப் பாட வேண்டும். ஆள் மாறும்போதெல்லாம் பெட்டிக்காரர் சுருதியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ராஜபார்ட் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். சுந்தராம்பாளோடு மேடையேறிய ராஜபார்ட் எஸ்.ஜி. கிட்டப்பா அந்த உயரத்தில் சிரமமே இல்லாமல் உலாவியவர். உயர்ந்த சுருதி தூரம் போகும், கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். கடைசி வரிசைக்குக் கேட்டதற்கு அதுதான் காரணம்.

என் அப்பாவின் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளைக் கட்டைகளில் ஐந்தாம் கட்டை மட்டும் நடுவில் குழிந்திருக்கும். விரலை வைத்தால் சின்னக் கரண்டிக்குள் வைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருஷம் ராத்திரி ராத்திரியாக அந்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுத்த விரல் செய்த குழி. நாடகக்காரர்கள் எந்த உயரத்தில் வாழ்ந்தார்கள் என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கட்டையைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று, சொல் தெளிவு. கூத்துக்கொட்டகையில் முன்னால் குழந்தைகள் அழும், ஓரத்தில் முறுக்கு விற்பார்கள். வார்த்தை மழுங்கினால் கதை போய்விடும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் வெட்டிவைத்த மாதிரி சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் பாட்டில் ஒரு சொல்கூட விளங்காமல் போவதில்லையே, அது இந்தப் பழக்கம்.

கிட்டப்பா – சுந்தராம்பாள் காதல் கதையை முழுமையாக எழுதுங்களேன். தமிழில் அதற்கு இணையான காதல் உண்டா?
— வாசகி, திண்டுக்கல்

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. எழுதுகிறேன் அம்மா, ஆனால் சுருக்கமாக. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

1926இல் கொழும்பு. சுந்தராம்பாள் அங்கே நாடகங்களில் கொடிகட்டிப் பறக்கிறார். கிட்டப்பா செங்கோட்டைக்காரர், இங்கே பெரும் பெயர் பெற்றவர், அங்கே வருகிறார். இவர் குரலுக்கு முன்னால் அவர் நிற்க முடியாது என்று ஒரு கூட்டம், அவருக்கு முன்னால் இவர் நிற்க முடியாது என்று இன்னொரு கூட்டம். இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். இரண்டு குரலும் சளைக்காமல் ஈடுகொடுத்தன. அடுத்த ஆண்டு கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிறகு மனஸ்தாபம், பிரிவு. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சிலும் வந்திருக்கின்றன. அவற்றில் கோபமும் இருக்கும், கெஞ்சலும் இருக்கும். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நெற்றி நிறைய திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. கடைசிவரை அதை மாற்றவில்லை.

சுருக்கமாக எழுதியதன் காரணம் இதுதான். கிட்டப்பாவோடு அவர் மேடையில் இருந்தது ஏறக்குறைய ஏழு வருஷம். அவருக்குப் பிறகு பாடியும் நடித்தும் வாழ்ந்தது 1980 வரை, நாற்பத்தேழு வருஷம். நாம் அந்த ஏழு வருஷத்தைப் பேசிப் பேசி நாற்பத்தேழை மறந்துவிடுகிறோம். அவரைப் பற்றி எழுத வருகிறவர்கள் கிட்டப்பாவின் மரணத்தோடு முற்றுப்புள்ளி வைத்து, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் ஒரு பத்தியில் அடக்கிவிடுவதைப் பார்த்தால் எனக்கு ஆறவில்லை. முதல் படம் அதற்குப் பிறகு. ஔவையார் அதற்குப் பிறகு. கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார், தேசிய விருது, பத்மஸ்ரீ எல்லாமே அதற்குப் பிறகு. துக்கத்தை மனதில் வைத்துக்கொண்டே ஒரு மனுஷி இவ்வளவும் செய்திருக்கிறார் என்றால், அதைப் பற்றியல்லவா நாம் அதிகம் பேச வேண்டும்?

ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்பது உண்மையா?
— வாசகர், சேலம்

உண்மைதான். 'பக்த நந்தனார்' படத்துக்கு. தயாரித்தது அசன்தாஸ், இயக்கியது மாணிக் லால் டாண்டன். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் பவுனுக்கு மேல் வரும். இந்தியாவிலேயே அவ்வளவு சம்பளம் பெற்ற முதல் நடிகர் அவர் என்று சொல்வது வழக்கம்.

அவராகப் பணத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. கணவர் இறந்து ஒதுங்கியிருந்தவரைச் சினிமாவுக்கு அழைத்தபோது, யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தே அந்தத் தொகையைக் கேட்டார் என்றுதான் என் அப்பா காலத்து நாடகக்காரர்கள் சொல்வார்கள். கொடுத்துவிட்டார்கள். படம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆனால் ரயிலில் பாடிய பெண்ணின் குரலுக்கு அந்த விலை வைக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆண்களோடு நடிப்பதில்லை என்றவர் சிவாஜி கணேசன் படங்களில் நடித்தது எப்படி?
— வாசகர், திருநெல்வேலி

ஜோடியாக நடிப்பதில்லை என்பதுதான் முடிவு. 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி சிவபெருமான், இவர் ஔவை. அதில் ஏது ஜோடி?

அந்த முடிவுக்குள் நின்றுகொண்டே அவர் தேர்ந்தெடுத்த வேடங்களை வரிசையாகப் பாருங்கள். மணிமேகலை, இளமையிலேயே துறந்தவள். 1953இல் 'ஔவையார்': கல்யாணம் வேண்டாம், முதுமையைக் கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியவள். 1964இல் 'பூம்புகார்', அதில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. 1973இல் 'காரைக்கால் அம்மையார்': இளமையும் அழகும் போகட்டும், பேயுருவம் போதும் என்று இறைவனிடம் கேட்டவர். இளமைக் காலப் புனிதவதியாக லட்சுமி நடிக்க, உருமாறிய அம்மையாராக இவர் வருவார். 65 வயதில் "தகதகதகவென ஆடவா" என்று அவர் பாட, சிவனும் சக்தியும் ஆடுவார்கள்.

இளமையைத் தானே இறக்கிவைத்த பெண்களின் கதைகள் இவை. நம் மரபில் அப்படிப்பட்டவர்கள் இத்தனை பேர் இருந்ததும், அவர்களுக்குக் குரல் கொடுக்க, 25 வயதில் அதையே செய்த ஒருவர் வந்து அமைந்ததும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மற்ற நடிகைகள் ஔவை வேடத்துக்கு நரைமுடி வைத்துக்கொள்வார்கள், குரலை நடுங்கவிடுவார்கள். சுந்தராம்பாள் எதையும் நடுங்கவிடவில்லை. அவருடைய ஔவை நிமிர்ந்துதான் நடப்பாள். அரசனைப் பார்த்தாலும் ஆண்டவனைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் பேசுவாள்.

'ஔவையார்' படத்தை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?
— வாசகி, மதுரை

டூரிங் டாக்கீஸில், மணல் தரையில் உட்கார்ந்து. படம் வந்து பல வருஷம் கழித்து எங்கள் ஊருக்கு வந்தது. ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். சின்ன வயது ஔவையாகக் குசலகுமாரி வருவார். பெண் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள், அவள் பிள்ளையார் முன்னால் நின்று அழுது பாடுவாள். திரும்பும்போது சுந்தராம்பாள்.

அந்த இடத்தில் என் பாட்டி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்களும் கும்பிட்டார்கள். பாட்டிக்குப் பதினேழு வயதில் தாலி போனது. மொட்டை அடித்த தலையில் வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நல்ல காரியங்களில் பின்கட்டிலேயே இருந்து பழகியவள். திரையில் அதே வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் நடுவில் நிற்கிறாள். ராஜாக்கள் எழுந்து வழிவிடுகிறார்கள், யானைகள் அவள் பாட்டுக்குக் கோட்டையை உடைக்கின்றன. பாட்டி அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. நான் கைபிடித்து நடந்து வந்ததால் எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் பழையபடிதான். ஆனாலும் அந்த ஒரு ராத்திரி அப்படி நடந்தாள்.

அவர் அரசியலிலும் இருந்தாராமே?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். சத்தியமூர்த்தி அவருடைய குரலின் வலிமையைத் தெரிந்து அழைத்தார். மோதிலால் நேரு மறைந்தபோது "பண்டித மோதிலால் நேருவைப் பறிகொடுத்தோமே" என்று அவர் பாடிய இசைத்தட்டு ஊரூராக ஒலித்தது. "காந்தியோ பரம ஏழை சந்நியாசி" இன்னொன்று. பேச்சாளர் வருவதற்கு முன் கூட்டம் சேர்ப்பதும், அவர் போன பிறகும் அந்தக் கருத்து ஊரில் தங்கும்படி செய்வதும் இப்படிப்பட்ட பாட்டுகள்தான். பிறகு, ஐம்பதுகளில், சட்ட மேலவை உறுப்பினர். சினிமாக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்துக்குள் போனது அவரிலிருந்துதான் தொடங்குகிறது.

நாடகத்திலிருந்து வந்து நீண்ட காலம் நின்ற வேறு நடிகைகள் யார்?
— வாசகர், தஞ்சாவூர்

டி.பி. ராஜலட்சுமி. 1931இல் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி, 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தானே இயக்கியவர். அப்புறம் மனோரமா, அவரும் மேடையில் பாடி நடித்து வந்தவர்தான். ஆயிரம் படங்களைத் தாண்டியவர். இருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுத ஆசை இருக்கிறது. ஒரு பதிலில் அடங்குகிறவர்கள் இல்லை.

61 வயதில் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது என்று படித்தேன். பழைய புகழுக்காகக் கொடுத்ததா?
— வாசகர், சென்னை

இல்லை. 1969இல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகி விருது. அந்தப் படத்தின் பாடல்களை வைத்துக் கேட்டுப் பாருங்கள். மேல் ஸ்தாயியில் குரல் தடுமாறவே இல்லை. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டத்தையும் ஏற்கெனவே கொடுத்திருந்தது.

வயதாகிற குரலை அவர் எப்படிக் காத்தார் என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. எனக்குப் புரிந்த அளவில் ஒரு காரணம் சொல்வேன். அவர் குரலை மென்மையாக்கி, மறைத்துப் பாடப் பழகவே இல்லை. நாடக மேடையில் வயிற்றிலிருந்து மூச்செடுத்து முழுக் குரலில் பாடிப் பழகியவர். அந்த மூச்சுப் பழக்கம் இருந்தால் குரல் சீக்கிரம் தளராது. மைக் முன்னால் முணுமுணுத்தே பழகியவர்களுக்கு ஐம்பதிலேயே குரல் மெலிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் இப்போதும் நடக்கிறதா? எங்கே போய்ப் பார்க்கலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

நடக்கிறது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. பங்குனி முதல் ஆடி வரை கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' கட்டாயம் இருக்கும். இப்போது மைக் உண்டு, கீபோர்டும் வந்துவிட்டது. ஆனால் பாடம் அதே சுவாமிகள் பாடம். ஒரு தடவை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். வேலன் கிழவனாக வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்கிற இடம் விடியற்காலம்தான் வரும், தூங்கிவிடாதீர்கள்.

எங்கள் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிப் போட்டிக்கு "பழம் நீயப்பா" பாடப் போகிறாள். என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
— வாசகி, கொடுமுடி

கொடுமுடியிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருக்கிறதே! தபாலைப் பிரித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அம்மா.

முதலில் மகளுக்குப் பாட்டின் கதையைச் சொல்லுங்கள். "ஞானப்பழத்தைப் பிழிந்து" என்று தாளம் இல்லாமல் வருகிற விருத்தம் சினிமாவுக்கென்று எழுதியது இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளுடையது, நாடக மேடையில் ஊறியது. அதை அடுத்துத்தான் தாளத்தோடு "பழம் நீயப்பா" வருகிறது. சுவாமிகள் பாடத்தில் வள்ளியாக நின்று, முருகன் கிழவனாக வந்து கெஞ்சியதை ஒரு காலத்தில் நடித்தவர் சுந்தராம்பாள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில், 57 வயதில், அவர் கிழவியாக வந்து, கோபித்துக்கொண்டு மலையேறும் பாலகனான அதே முருகனைக் கெஞ்சுகிறார். சுவாமிகளின் வரிகளைக் கொண்டே கெஞ்சுகிறார். இது மகளுக்குத் தெரிந்திருந்தால் பாட்டின் பாவம் தானாக வரும். அவள் பாடுவது சாமி பாட்டு என்பதோடு, கோபித்துக்கொண்டு போகிற ஒரு சின்னப் பையனை ஒரு பாட்டி சமாதானம் செய்கிற பாட்டும்கூட. கடைசி வரிசை வரைக்கும் போகிற குரல்தான், ஆனால் அதில் அதட்டல் துளியும் கிடையாது.

அப்புறம் ழகரம். முதல் இரண்டு சொற்களிலேயே இரண்டு இடத்தில் வருகிறது, "பழத்தை" என்றும் "பிழிந்து" என்றும். பல பிள்ளைகள் "பளத்தைப் பிளிந்து" என்றுதான் பாடுகிறார்கள். சுந்தராம்பாள் பாடுவதைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள். நாக்கு மடிந்து மேலே போய், அண்ணத்தை முழுக்கத் தொடாமல் இறங்குவது காதுக்கே தெரியும்.

ராகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மகளை மொட்டைமாடியில் ஒரு மூலையில் நிறுத்தி, நீங்கள் எதிர் மூலையில் நில்லுங்கள். விருத்தத்தை ராகம் இல்லாமல், கத்தாமல், உங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி சொல்லட்டும். எந்தச் சொல் கேட்கவில்லையோ அங்கே கையை உயர்த்துங்கள். திரும்பச் சொல்லட்டும். ஒரு வாரம் இது மட்டும் போதும். கை உயர்த்தாமலே விருத்தம் முடிகிற அன்றைக்குச் சுருதிப்பெட்டியைத் திறந்து, அவளுக்கு எந்தக் கட்டை ஒத்துவருகிறது என்று பாருங்கள். சினிமாவில் இருக்கிற உயரத்துக்கு இழுக்க வேண்டாம், இந்த வயதில் தொண்டை நோகக் கூடாது.

போட்டி முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.